முன் பிரேக் பேட் வீட்டிலேயே மாற்றலாமா? இடது சக்கரத்தில் உள்பக்கப் பேட் மட்டும் தகடு வரை தேய்ந்திருக்கிறது

ஆழியாறு_ரோடு

வணக்கம். 2013 ஸ்விஃப்ட் டீசல், 1,12,000 கி.மீ. ஓடியது. வீடு பொள்ளாச்சியில், அம்மா வால்பாறையில். அதனால் மாதம் இரண்டு தடவையாவது அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. இரண்டு மாதமாக பிரேக் பிடித்தால் கீச்சென்று ஒரு சத்தம், மழைத் தண்ணீர் பட்டதால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். போன வாரம் இறங்கி வரும்போது லோம்ஸ் வியூ காட்சிமுனை தாண்டியதும் கர்ர்ரென்று இரும்பை அரத்தால் ராவுகிற மாதிரி சத்தம் மாறிவிட்டது, மீதி வளைவுகளை முதல் கியரிலேயே உருட்டி இறக்கினேன்.

வீட்டுக்கு வந்து இடது முன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் வெளிப்பக்கப் பேடில் இன்னும் 5 மி.மீ. போல இருக்கிறது, உள்பக்கப் பேடில் ஒன்றுமே இல்லை, வெறும் தகடு. சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கின் உள்முகத்தில் விரலை ஓட்டினால் நகம் சிக்குகிறது. வலது பக்கம் இரண்டும் சமமாகத் தேய்ந்திருக்கின்றன. ஒரு ஒர்க்ஷாப்பில் கேட்டதற்கு, வண்டியைப் பார்க்காமலே இரண்டு காலிப்பரையும் (பேடுகளை டிஸ்க்கில் அழுத்துகிற கவ்வி) மாற்ற வேண்டும் என்றார்கள். என்னிடம் ரிங் ஸ்பேனர் செட், வண்டியோடு வந்த ஜாக்கி, சி கிளாம்ப் எல்லாம் இருக்கிறது. நானே செய்யலாமா, இடது பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா?

பட்டறை_வாசம்

தம்பி, பேட் மாற்றுவது பெரிய வேலையே இல்லை. உள்பக்கம் மட்டும் ஏன் தீர்ந்தது என்று கண்டுபிடிக்காமல் புதுப் பேட் போட்டீர்கள் என்றால்தான் பிரச்சினை, கொஞ்ச நாளில் இதே சத்தம் திரும்ப வந்து நிற்கும்.

உங்கள் வண்டியில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். பெடலை மிதித்தால் பிஸ்டன் உள்பேடை டிஸ்க்கில் தள்ளும், அந்தத் தள்ளலிலேயே காலிப்பர் மொத்தமும் இரண்டு பின்கள் மேல் வழுக்கி நகர்ந்து வெளிப்பேடை இழுத்துக்கொண்டு வந்து டிஸ்க்கில் ஒட்டவைக்கும். பின் துருப்பிடித்து இறுகிவிட்டால் காலிப்பர் நகராது, வேலை முழுக்க உள்பேட் தலையில் விழும், காலை எடுத்த பிறகும் லேசாக உரசிக்கொண்டே ஓடும். உங்கள் கதை அதுதான் என்று நினைக்கிறேன். காலிப்பரைக் கழற்றியதும் இரண்டு பின்னையும் கையால் இழுத்துத் தள்ளிப் பாருங்கள், வெண்ணெய் மாதிரி போய் வர வேண்டும். அப்புறம் பழைய பேடை பிஸ்டன் மேல் வைத்து சி கிளாம்பால் மெதுவாக இறுக்குங்கள். பிஸ்டன் சீராக உள்ளே போனால் காலிப்பர் நன்றாகத்தான் இருக்கிறது, போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தால்தான் காலிப்பர் பேச்சு.

பின்னுக்கு சாதாரண பேரிங் கிரீஸ் வைக்காதீர்கள். பெட்ரோலியக் கிரீஸ் பட்டால் பின்னை மூடியிருக்கிற பூட் ரப்பர் ஊதிப்போய் பின்னைக் கவ்விக்கொள்ளும். பிரேக்குக்கென்றே விற்கிற சிலிக்கான் கிரீஸ் வாங்குங்கள்.

பேட் எப்போதும் ஜோடியாகத்தான், இடமும் வலமும் சேர்த்து. இல்லையென்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டிஸ்க்கின் கனத்தையும் அளந்துவிடுங்கள், குறைந்தபட்சம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். ஒன்று கவனியுங்கள், வெர்னியர் அளவுகோலை அப்படியே வைத்தால் ஓரத்தில் தேயாமல் நிற்கிற விளிம்பில் முட்டி, கனத்தை அதிகமாகக் காட்டும். தேய்ந்த இடத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ரூபாய்க் காசு வைத்து அளந்துவிட்டு காசுகளின் கனத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மலர்_மேட்டுப்பாளையம்

நான் என் வண்டிக்கு மூன்று முறை நானே மாற்றியிருக்கிறேன், தைரியமாகச் செய்யுங்கள். ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சமதளத் தரை, ஹேண்ட் பிரேக், பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட்டு அப்புறம் தூக்குங்கள். வண்டியைத் தாங்குகிற ஸ்டாண்டு ஒன்று இரவல் வாங்கியாவது வையுங்கள், கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள். ஹாலோ பிளாக் கல் மட்டும் வேண்டவே வேண்டாம், நொறுங்கும்போது சொல்லிக்கொண்டு நொறுங்காது.

ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக ஒடித்து வைத்தால் காலிப்பர் கைக்கு வாகாக வரும். கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்க விடாமல் ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள். ஒரு பக்கம் முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கம், அப்போதுதான் கிளிப் எப்படி இருந்தது என்று சந்தேகம் வந்தால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். பிரேக் தூசியை வாயாலோ கம்ப்ரஸராலோ ஊதாதீர்கள், நுரையீரலுக்கு ஆகாது, ஈரத் துணியால் துடையுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் ஏறி வழியும், முன்கூட்டியே சிரிஞ்சில் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். பெயிண்டில் பட்டால் உரிந்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

எல்லாம் மாட்டியதும் வண்டியை எடுப்பதற்கு முன் பெடலை நாலைந்து தடவை, கெட்டியாகும் வரை மிதியுங்கள். முதல் தடவை நான் இதை மறந்தேன். போர்டிகோவிலிருந்து ரிவர்ஸில் உருளும்போது மிதித்தால் பெடல் தரை வரை போனது, பிரேக்கே இல்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துத்தான் கேட்டுக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தினேன். அப்போது வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தது என் மாமியார்.

கியர்_இறங்கு

மலையில் ஓடுகிற வண்டியில் முதல் முறை தனியாகச் செய்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெரிந்த மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு செய்யுங்கள், மாட்டியது சரிதானா என்று இன்னொரு கண் பார்த்தே ஆக வேண்டும். பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? அது காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். புது டாட் 3 ரக பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், ஈரம் ஏறினால் 140 அளவுக்கு வந்துவிடும். தொடர் இறக்கத்தில் சூடு ஏறி ஆயில் கொதித்தால் குமிழிதான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

ஆழியாறு_ரோடு

எல்லோருக்கும் நன்றி. கியர்_இறங்கு சொன்னபடி பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணனை உட்கார வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். பட்டறை_வாசம் அண்ணா, நீங்கள் சொன்னதேதான். மேல் பின் வழுக்கியது, கீழ் பின் அசையவே இல்லை. துரு எண்ணெய் விட்டு, ஸ்பேனர் வைத்து இப்படியும் அப்படியும் திருகி ஒரு மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தது, பூட் கிழிந்து உள்ளே செங்கல் தூள் நிறத்தில் துரு. பிஸ்டன் சீராக உள்ளே போனது, அதனால் காலிப்பர் தப்பித்தது. பின், பூட் கிட் மட்டும் வாங்கினேன்.

காசு வைத்து அளந்ததில் இடது டிஸ்க் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போயிருக்கிறது. இரண்டு டிஸ்க்கும் சொல்லியிருக்கிறேன், வியாழக்கிழமை வரும். ஆயிலையும் அன்றே மாற்றிவிடுவோம் என்று அண்ணன் சொன்னார். அதுவரை வண்டியை எடுக்கப் போவதில்லை, இந்த வாரம் அம்மாவைப் பார்க்க பஸ்தான். புது டிஸ்க், புதுப் பேடோடு நேராக மலை ஏறலாமா?

பட்டறை_வாசம்

வேண்டாம் தம்பி. புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள், பிரேக் கிளீனர் அடித்து சுத்தமாகத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். அப்புறம் காலி ரோட்டில் 50 வேகத்தில் போய் 10 வரை மிதமாக மிதித்துக் குறையுங்கள், முழுதாக நிறுத்தாதீர்கள். கொஞ்ச தூரம் சும்மா ஓட்டி ஆறவிட்டு மறுபடி. எட்டு, பத்து தடவை செய்தால் பேடும் டிஸ்க்கும் படிந்துவிடும். ஒரு வாரம் ஊருக்குள் ஓட்டுங்கள், சக்கரத்தைத் திரும்பக் கழற்றி இரண்டு பேடும் சமமாகப் படிகிறதா என்று பாருங்கள். படிந்திருந்தால் ஏறுங்கள்.