பின்னிக்கொண்டே கேட்க ஒரு நீளமான புத்தகம் வேண்டும்

ராத்திரி வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் பின்னல் ஊசியைக் கையில் எடுக்கிறேன், படிக்கவும் அதே நேரம்தான் கிடைக்கிறது, இரண்டும் ஒன்றாக நடக்க மாட்டேன் என்கிறது. இப்போது ஊசியில் இருப்பது சுற்றுக்கு 64 கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) உள்ள சாக்ஸ், 2.5 மி.மீ. வட்ட ஊசி. காலை மூடும் பகுதி சுற்றிச் சுற்றி நிட் (சாதாரண நேர்ப்பின்னல்) மட்டும்தான், அதில் ஒலிப்புத்தகம் கேட்டால் சிக்கலே இல்லை. குதிகாலுக்கான வளைவைப் பின்னும்போதுதான் வம்பு: எண்ணினால் கதை போகிறது, கதையைக் கேட்டால் எண்ணிக்கை போகிறது.

அச்சுப் புத்தகத்தை ஸ்டாண்டில் வைத்துப் பார்த்தேன், கொஞ்சம் தடிமனாக இருந்தால் தானே மூடிக்கொள்கிறது. போனில் மின்னூல் என்றால் பக்கம் தள்ள விரலை எடுக்க வேண்டும், அதற்குள் ஒரு கண்ணி நழுவிவிடும். சிறுகதைகள் சரிப்பட்டன, ஆனால் ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் தேடுவதே வேலையாகிவிட்டது. துப்பறியும் கதை வேண்டவே வேண்டாம், ஒரு வரி விட்டால் கொலையாளி தப்பிவிடுகிறான்.

அடுத்த மாதம் தங்கைக்கு லேஸ் சால்வை ஆரம்பிக்கிறேன், நூல் வாங்கியாச்சு. அதில் நேர்ப்பக்க வரிசை முழுக்க சார்ட் (கட்டம் போட்ட பின்னல் வரைபடம்) பார்த்துத்தான், திரும்பி வரும் வரிசை மட்டும் வெறும் பர்ல் (நிட்டின் மறுபக்கப் பின்னல்), அதனால் அங்கேயும் கதையில் கவனம் விட்டு விட்டுத்தான் இருக்கும்.

நடுவில் பத்து நிமிடம் கவனம் சிதறினாலும் கதை கைவிட்டுப் போகாத, நீளமான தமிழ் ஒலிப்புத்தகம் எது?