ரிக்குவெஸ்ற் ஒண்டே காணுமோ, கெற்–போஸ்ற் பிரிக்க வேணுமோ?

சுன்னாகத்தான்:
மாம்பழ ஓடர் எடுக்கிற சைற், பிஎச்பி 8 மொழியிலை எழுதினது. தேடல் பக்கத்துக்கு லிங்காலையும் வருவினம், போர்மாலையும் வருவினம். கெற் (யுஆர்எல்லோடை வாற தரவு), போஸ்ற் (போர்ம் உள்ளுக்கை வைச்சு அனுப்பிற தரவு) இரண்டையும் சேத்துத் தாற ரிக்குவெஸ்ற்றிலை வாசிச்சால் ஒரு வரியோடை அலுவல் முடியுது. கெற், போஸ்ற் எண்டு இரண்டு தரம் ஏன் மினக்கெடுவான்?

தும்பளைப் பொடி:
அண்ணை, ஒரே பெயர் யுஆர்எல்லிலையும் போர்மிலையும் வந்தால் எது வெல்லும்? பிஎச்பி.இனி எண்ட செற்றிங் கோப்பிலை ரிக்குவெஸ்ற்_ஓடர் 'ஜிபி' (முதல் கெற், பிறகு போஸ்ற்) எண்டால் பிந்தி வாற போஸ்ற். அந்த வரி வெறுமையாக் கிடந்தால் வேரியபிள்ஸ்_ஓடரைப் பாத்துக் குக்கியும் (பிரவுசர் வைச்சிருந்து அனுப்பிற சின்னத் தரவு) உள்ளுக்கு வரும், போஸ்ற்றையும் மேவிப்போடும். ஹோஸ்ரிங் மாத்தின அண்டைக்கு 'லாங்' எண்ட குக்கி போர்மிலை தெரிஞ்ச மொழியைத் திண்டுவிடும். கோட்டிலை ஒரு எழுத்தும் மாறியிராது, தேடித்தேடிச் சாகவேண்டியதுதான்.

சுன்னாகத்தான்:
பிஎச்பி.இனி கோப்பு என்ரை கையிலைதானே. ஜிபி எண்டு போட்டால் சரி.

தும்பளைப் பொடி:
ஓடர் அழிக்கிற பக்கத்துக்கு? வெளிச் சைற்றாலை வாற வேளை குக்கி போறதை ஓரளவு தடுக்கிற 'சேம்சைற் லாக்ஸ்' செற்றிங் இருந்தாலும், வெளிச் சைற்றிலை கிடக்கிற லிங்கை அமத்தினால் குக்கி கூடவே போகும். ஐடியை ரிக்குவெஸ்ற்றிலை வாசிச்சால் அமத்தின உடனை ஓடர் போச்சு. போஸ்ற்றிலை மட்டும் வாசிச்சால் லிங்கால ஒண்டும் நடவாது. சீஎஸ்ஆர்எஃப் ரோக்கன் (போர்ம் எங்கடை சைற்றிலை இருந்துதான் வந்தது எண்டு காட்டுற ரகசியக் குறி) அதுக்கு மேலை.

கோண்டாவில் வாசி:
எங்கை வாசிக்கிறது எண்டு சண்டை பிடிக்கிறியள். எப்பிடி வாசிக்கிறது எண்டதிலைதான் கனபேர் விழுகினம். எண்ணிக்கைப் பெட்டியிலை 0 வந்தால் எம்ப்டி() அதை வெறுமை எண்டும். வந்த தரவைச் சோதிச்சுத் தாற பில்ற்றர்_இன்புட் பங்சனிலை, முழு எண்ணோ எண்டு பாக்கிற வலிடேற்_இன்ட் போடுங்கோ: பெயரே வராட்டில் நல் (ஒண்டும் இல்லை); எண் இல்லாட்டில், 'ஐடி[]=1' எண்டு ஆரும் அறே (பட்டியல்) அனுப்பினாலும், ஃபோல்ஸ். வகையும் சேத்து ஒப்பிடுற === வைச்சுப் பாருங்கோ, ! போட்டால் 0, நல், ஃபோல்ஸ் மூண்டும் ஒண்டாப்போகும். உந்தப் பங்சனுக்கு ரிக்குவெஸ்ற் குடுக்க ஏலாது, அண்ணை. பிஎச்பி 8இலை அதுக்கான இன்புட்_ரிக்குவெஸ்ற் எண்ட மாறிலியையே தூக்கிப்போட்டாங்கள்.

மற்றது தமிழ். 'யாழ்' எண்டது யுஆர்எல்லிலை 36 எழுத்தா வரும்: நாலு குறியீடு, ஒவ்வொண்டும் 3 பைற், பைற்றுக்கு %ஓடை மூண்டெழுத்து. அதைப் பாத்துப் பயந்து திருப்பி எழுத்தா அவிழ்க்கிற யுஆர்எல்டிகோட் போடாதேங்கோ, பிஎச்பி ஏற்கனவே அவிட்டுத்தான் தருது. இரண்டாம் தரம் அவிட்டால் '+94' எண்டு தொடங்கிற போன் நம்பரிலை + இடைவெளியாப் போகும்.

சுன்னாகத்தான்:
சரி, அழிக்கிற பக்கத்தை போஸ்ற்றுக்கு மாத்திறன். தேடல் ரிக்குவெஸ்ற்றிலைதான் இருக்கும்.

தும்பளைப் பொடி:
தேடல் போர்மையே மெதட் கெற் ஆக்குங்கோ. லிங்கும் போர்மும் ஒரே வழியாலை வரும், நீங்கள் கேட்ட அந்த ஒரு வரியும் மிஞ்சும். தேடின பக்கத்தை அப்பிடியே வட்ஸ்அப்பிலை அனுப்பவும் ஏலும்.