6 வயசுக் குழந்தைக்குப் பாட்டு பிளேயர்: வாங்கினதைச் சரிபண்ணலாமா, வேற வாங்கணுமா?

கேள்வி:
வணக்கம். என் மகளுக்கு 6 வயசு. பாட்டும் கதையும்னா உயிர். என் போன்லதான் கேட்டுக்கிட்டிருந்தா. ரெண்டு பாட்டு முடியறதுக்குள்ள வீடியோவுக்குப் போயிடறா, போனைத் திரும்ப வாங்கினா அழுகை. கேக்கறதுக்கு மட்டும் தனியா ஒண்ணு இருக்கட்டும்னு, திரை இல்லாத, சட்டையில மாட்டுற சின்ன எம்பி3 பிளேயர் வாங்கினேன். இருக்கறதுலேயே விலை குறைஞ்சது.

கதை வரிசையா வரமாட்டேங்குது. 1, 2, 3ன்னு பேர் வச்சும் மூணாம் பாகம்தான் முதல்ல ஓடுது. அதைவிடக் கஷ்டம், அணைச்சுட்டுத் திரும்பப் போட்டா விட்ட இடத்துலேர்ந்து வராம, முதல்லேர்ந்து ஆரம்பிக்குது. 40 நிமிஷக் கதையை அவ இன்னும் முழுசா கேட்டதே இல்லை. நேத்து படுக்கும்போது, "அம்மா, அந்த யானைக்குட்டி இன்னும் ஆத்துக்கு இந்தப் பக்கமேதான் நிக்குதா?"ன்னு கேட்டா. மனசு கேக்கலை.

பெரிய கார்டா இருக்கட்டும்னு 64 ஜிபி வாங்கிப் போட்டேன், அதைப் பிளேயர் எடுக்கவே இல்லை. ஏற்கெனவே இருந்த சின்னக் கார்டுலதான் இப்ப ஓடுது. இதையே சரிபண்ண வழி இருக்கா? வேற வாங்கணும்னா எதைப் பாத்து வாங்கணும்?

பதில் 1:
கார்டுல பழுது இல்லைங்க. 32 ஜிபிக்கு மேல உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபேட்ங்கிற முறையில (கார்டுல ஃபைல்களை அடுக்கி வைக்கிற ஒரு விதம்) ஃபார்மேட் ஆகித்தான் வரும். விலை குறைஞ்ச பிளேயர் பலதும் ஃபேட்32ங்கிற பழைய முறையை மட்டும்தான் படிக்கும். குழந்தைக்கு அவ்வளவு இடமும் தேவையில்லை. 128 கேபிபிஎஸ் ஒலித்தரத்துல ஒரு நிமிஷப் பாட்டு ஏறக்குறைய 1 எம்பி. அப்படின்னா 8 ஜிபி கார்டுலயே 130 மணி நேரத்துக்கு மேல கேக்கலாம்.

வரிசைக்கு வருவோம். முதல்ல ஷஃபிள் (வரிசையைக் கலைச்சுப் போடறது) ஓடுதான்னு பாருங்க. இல்லைன்னா காரணம் இதுதான்: இந்த மாதிரி பிளேயர் பலதும் ஃபைல் பேரைப் பாக்கறதே இல்லை. கார்டுல எது முதல்ல எழுதப்பட்டுச்சோ அதைத்தான் முதல்ல போடும். நீங்க எல்லாத்தையும் மொத்தமா இழுத்துப் போட்டிருப்பீங்க, கம்ப்யூட்டர் அதுக்குத் தோணின வரிசையில எழுதியிருக்கும். கார்டை ஃபேட்32ல ஃபார்மேட் பண்ணிட்டு, ஒவ்வொரு ஃபைலா, ஒண்ணு முடிஞ்ச பிறகு அடுத்ததுன்னு காப்பி பண்ணுங்க. பேரையும் 01, 02ன்னு வைங்க. பேரைப் பாத்து அடுக்குற பிளேயர்ல வெறும் 1, 2ன்னு இருந்தா 1க்கு அடுத்து 10 வந்து நிக்கும்.

பாட்டு ஆப்புல டவுன்லோடு பண்ணி வச்சதை இதுல ஏத்த முடியாது. அது அந்த ஆப்புக்குள்ள மட்டும்தான் திறக்கும். எம்பி3 ஃபைலாவே கையில இருக்கணும்.

பதில் 2:
விட்ட இடத்திலிருந்து தொடர்வது பிளேயருக்குள் இருக்கும் மென்பொருளைப் பொறுத்தது. அது இல்லையென்றால் நாம் வெளியிலிருந்து சேர்க்க முடியாது. ஆனால் சுற்றுவழி உண்டு. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அந்த 40 நிமிடக் கதையை 5 நிமிடத் துண்டுகளாக வெட்டி, மேலே சொன்னபடி வரிசையாக ஏற்றுங்கள். காட்சி மாறும் இடம் பார்த்து வெட்டுங்கள், பேச்சின் நடுவில் வேண்டாம். முதலிலிருந்து தொடங்கினாலும், அடுத்த பாட்டுக்கான பட்டனை நாலு தடவை அழுத்தினால் அவளே தன் இடத்துக்குப் போய்விடுவாள்.

புதிதாக வாங்குவதானால் கடையிலேயே இதைச் சோதியுங்கள்: ஒரு ஃபைலைப் பாதிவரை ஓட்டி, சுவிட்சை முழுக்க அணைத்து, திரும்பப் போடுங்கள். சிலது அதே விநாடியில் தொடரும். சிலது அதே பாட்டின் தொடக்கத்துக்குப் போகும், கதைக்கு அது போதாது.

இன்னொன்று பட்டன். என் மகனிடம் இருந்ததில் ஒரே பட்டனைத் தட்டினால் அடுத்த பாட்டு, பிடித்து அழுத்தினால் சத்தம் கூடும். சின்ன விரலுக்கு இந்த வித்தியாசம் பிடிபடாது. அடுத்த பாட்டு வேண்டுமென்று அழுத்திக்கொண்டே இருப்பான், சத்தம் உச்சத்துக்குப் போய் நிற்கும். அவன் முகம் சுருங்குவதைப் பார்த்துத்தான் எனக்கே புரிந்தது. சத்தத்துக்குத் தனிப் பட்டன் இருக்க வேண்டும். திருகுகிற குமிழாக இருந்தால் இன்னும் நல்லது.

பதில் 3:
அக்கா, அவ இயர்போன்ல கேக்கறாளா? உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வச்சிருக்கிற அளவுப்படி, குழந்தைகளுக்கு 75 டெசிபல் சத்தத்துல வாரத்துக்கு 40 மணி நேரம்தான். பெரியவங்களுக்கு 80. அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் கேக்கலாம்ங்கிற நேரம் பாதியாக் குறையும். காது கேக்கறது ஒருதடவை போனா திரும்பி வராதுக்கா, தயவுசெஞ்சு இதை விட்டுடாதீங்க. சத்தத்தை முழுசா ஏத்தி உங்க காதுல வச்சுப் பாருங்க, உங்களுக்கே தாங்கலைன்னா அந்த ஜோடி அவளுக்கு வேண்டாம். என்னைக் கேட்டா, ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கிற பிளேயர்தான் இந்த வயசுக்குச் சரி.

கழுத்துல மாட்டுற கயிறு வேண்டாம். பட்டன் பேட்டரி போடுற எதுவும் வேண்டாம். முழுங்கினா 2 மணி நேரத்துலயே உள்ளே வெந்து புண்ணாகிடும். வீட்டுல இன்னும் சின்னக் குழந்தை இருந்தா இன்னும் கவனம்.

கேட்டவர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பழைய கார்டையே ஃபார்மேட் பண்ணி ஒவ்வொண்ணா ஏத்தினேன், வரிசை சரியாயிடுச்சு! இயர்போனை எடுத்து உள்ளே வச்சுட்டேன். பிளேயர்ல ஸ்பீக்கர் இல்லாததால, வீட்டுல இருந்த பழைய ஸ்பீக்கர்ல ஒயர் மாட்டிக் கொடுத்திருக்கேன். பொம்மையோ அட்டையோ வச்சாப் பாடுற டோனிபாக்ஸ், யோட்டோ மாதிரி வாங்கலாமா?

பதில் 2:
குழந்தை தானாகவே இயக்க அவை அருமையானவை. ஆனால் கதைக்குக் கதை தனியாக வாங்க வேண்டும், செலவு அங்கேதான் ஏறும். யோட்டோ அட்டைக்குள் ஒலி கிடையாது, முதல் தடவை வைஃபை வழியாகத்தான் பெட்டிக்குள் இறங்கும். டோனிபாக்ஸும் புதுக் கதையை அப்படித்தான் எடுக்கும். நம் வீட்டுப் பாட்டை ஏற்ற வெற்று அட்டையும் பொம்மையும் உண்டு. சிக்கனம்தான் முக்கியம் என்றால், விட்ட இடத்திலிருந்து தொடரும் சாதாரண ஸ்பீக்கர் பிளேயரே போதும்.

கேட்டவர்:
சரிங்க, இந்த மாசம் இதை வச்சே ஓட்டறேன். கதையை எட்டுத் துண்டா வெட்டியாச்சு. ராத்திரி அவளே பட்டனை எண்ணி எண்ணி அழுத்தி ஏழாவதுக்குப் போயிட்டா. யானைக்குட்டி அக்கரை ஏறினதும் எழுந்து உக்காந்து, "எட்டாவதை நாளைக்கு வச்சுக்கலாம்மா"ன்னு அவளே அணைச்சா.