நிவாரண லிஸ்ட்ல யார் பேர் போடுறது? ஆதித் திருச்சபையில எப்பிடி?

கொட்டாஞ்சேனைப் பொடியன்
எல்லாருக்கும் வணக்கம். எங்கட கத்தோலிக்கக் கோயில் பங்குல உலர் உணவுப் பொதி குடுக்கிற கமிட்டியில என்னையும் சேர்த்திருக்காங்க. சிங்களப் பூசைக்கு வாறவங்க, தமிழ்ப் பூசைக்கு வாறவங்கண்டு ரெண்டு கூட்டம், லிஸ்ட் போடுறது ஒரு பக்கத்து ஆக்கள்தான், இப்ப தமிழ்ப் பக்கத்தில தனியா இருக்கிற வயசான அம்மாமார் கொஞ்சப் பேரை விட்டுட்டாங்கண்டு ஒரே சண்டை. கமிட்டித் தலைவர் "பெரிய வியாழன்ல, இயேசு சீடர்களுக்குச் செஞ்ச மாதிரி, ஃபாதரே ஆக்கள்ட காலைக் கழுவுறார், நாங்களும் பணிவா இருக்கோணும், சத்தம் போடாதீங்க"ண்டு முடிச்சிட்டார். பணிவுண்டா வாயை மூடிட்டு இருக்கிறதா? அந்தக் காலத்தில இதை எப்பிடிச் சமாளிச்சாங்கண்டு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வெள்ளவத்தை அக்கா
தம்பி, உங்கட சண்டை அப்பிடியே பைபிள்ல, திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தில இருக்கு. எருசலேமில கிரேக்கம் பேசுற ஆக்கள், தங்கட விதவைகளை அன்றாடப் பங்கீட்டில கவனிக்கேல்லை எண்டு எபிரேயம் பேசுற ஆக்களில குறை சொன்னவை. இயேசுவிட திருத்தூதர் பன்னிரண்டு பேரும் அவையளைப் பேசாமல் இருங்கோ எண்டு அடக்கேல்லை. எல்லாரையும் கூப்பிட்டு, நல்ல பேரெடுத்த ஏழு பேரை நீங்களே தெரிவுசெய்யுங்கோ எண்டு விட்டிட்டினம். வந்த பேரைப் பாருங்கோ, ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா, ஏழும் கிரேக்கப் பேர். எபிரேயம் பேசுற யூதரும் கிரேக்கப் பேர் வச்சவைதான், அதால அடிச்சுச் சொல்லேலாது, ஆனா குறை சொன்ன பக்கத்து ஆக்களிட கையிலதான் பங்கீட்டைக் குடுத்திருக்கினம் எண்டுதான் எனக்குப் படுது. உங்கட தலைவர் காலைக் கழுவ ரெடி, லிஸ்ட்டைக் கையைவிட்டுக் குடுக்க ரெடியோ எண்டு கேளுங்கோ 😄

ஜம்பட்டா வீதி
அக்கா சொன்னது சரி. பிறகு வந்த காலத்திலயும் இது சும்மா இரக்கப்பட்டுக் குடுக்கிற விஷயமா இருக்கேல்ல, முறையா நடந்திருக்கு. 155 அளவில ரோமில இருந்து ஜஸ்டின் எண்ட கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதினதைப் பாருங்க, ஞாயிறு கூட்டத்தில வசதியுள்ளவங்க விரும்பினதைக் குடுப்பாங்க, அது தலைமை தாங்குறவர்ட்ட சேரும், அவர்தான் அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில இருக்கிறவங்க, வெளியூர்ல இருந்து வந்தவங்க எல்லாருக்கும் பொறுப்பு. வட ஆப்பிரிக்காவில கார்த்தேஜ் நகரத்தில தெர்த்துல்லியன் எண்ட இன்னொரு கிறிஸ்தவ எழுத்தாளர் 197 அளவில சொல்றார், மாசத்துக்கு ஒருக்கா, விருப்பமிருந்தா, ஏலுமெண்டா மட்டும் போடலாம், அந்தக் காசு விருந்துக்கும் குடிக்கும் போறதில்ல, ஏழைகளை அடக்கம் பண்ண, கப்பல் உடைஞ்சு நிக்கிறவங்களுக்கு, விசுவாசத்துக்காகத் தண்டனையாச் சுரங்க வேலைக்கு அனுப்பப்பட்டவங்களுக்குப் போகுது. 251ல ரோமாபுரி ஆயர் கொர்னேலியுஸ் கடிதத்தில 46 குருக்கள், 7 தியாக்கோன்கள் (குருக்களுக்கு அடுத்த நிலைப் பணியாளர்கள்), 1500க்கு மேல விதவைகளும் கஷ்டப்பட்டவங்களும்ண்டு கணக்கு இருக்கு. லிஸ்ட் இல்லாம இவ்வளவு பேருக்குச் சோறு போட ஏலுமா? கிறிஸ்தவங்களைப் பிடிக்காத, நாலாம் நூற்றாண்டு ரோம மன்னர் ஜூலியன் பேரில உள்ள ஒரு கடிதத்திலகூட, அவங்க தங்கட ஏழைகளோட எங்கட ஏழைகளையும் பாக்கிறாங்களே எண்டு கடுப்பாகி எழுதியிருக்கு. ஞானஸ்நான சர்ட்டிபிகேட் கொண்டாந்தாத்தான் பொதிண்டு சொல்ற கமிட்டிகள் இதை வாசிக்கோணும்.

பழைய கணக்கன்
எல்லாத்தையும் தங்கமா எழுதாதீங்கப்பா. பிலிப்பி சபையில வாலன்ஸ் எண்டு ஒரு மூப்பர் காசாசையில விழுந்ததை, ஸ்மிர்னா ஊர் ஆயர் பொலிக்கார்ப் கவலைப்பட்டு எழுதியிருக்கார். பவுலும் எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த காசைத் தனிய ஒரு ஆள்ட்ட குடுத்து விடேல்ல, யாரும் குறை சொல்லக் கூடாதுண்டு தன்ட உதவியாளர் தீத்துவோட வேற ஆக்களையும் அனுப்புறார், 2 கொரிந்தியர் 8ல இருக்கு. 1 தீமோத்தேயு 5ல விதவைகள் பதிவுக்கு 60 வயசு ஆகியிருக்கோணும், பிள்ளை, பேரப்பிள்ளை இருந்தா முதல்ல அவங்க பாக்கட்டும்ண்டு விதியே எழுதி வச்சிருக்கு. உங்கட கமிட்டியில விதி என்ன, யார் எழுதினது? அதைச் சிங்களத்திலயும் தமிழிலயும் நோட்டீஸ் போர்ட்ல ஒட்டுங்க.

கொட்டாஞ்சேனைப் பொடியன்
நன்றி எல்லாருக்கும். தலைவர்ட்ட அதிகாரம் 6ஐக் காட்டினேன், "பாப்பம்"ண்டார். கணக்கன் அண்ணா, ஒட்டினா வாங்குறவங்களுக்கு வெக்கமா இருக்காதா?

பழைய கணக்கன்
பேரை ஒட்டாதீங்க, விதியை மட்டும் ஒட்டுங்க. பேர் லிஸ்ட் ரெண்டு பக்கத்திலயும் ஒவ்வொரு ஆள்ட்ட இருக்கட்டும், ரெண்டு பேரும் சைன் வச்சாத்தான் பொதி வெளிய போகோணும். அதோட அந்த அம்மாமாரை வரிசையில நிப்பாட்டி போட்டோ எடுத்து ஃபேஸ்புக்ல போடுறதையும் நிப்பாட்டச் சொல்லுங்க.