டயாலிசிஸ் ஆர்.ஓ. தண்ணீரில் பாக்டீரியா திரும்பத் திரும்ப வருகிறது

கேள்வி:
டயாலிசிஸ் பிரிவுக்குத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. பிளாண்ட் என் பொறுப்பில் இருக்கிறது. மெஷின்களுக்குத் தண்ணீரைச் சுற்றிக் கொண்டுபோகும் குழாயான லூப்பின் கடைசி மெஷினில், தண்ணீர் உள்ளே போகும் ஹோஸின் முனையில் எடுத்த சாம்பிள் மில்லிக்கு 100 சிஎஃப்யூவை (பாக்டீரியா எண்ணிக்கை) தாண்டுகிறது. கிருமிநாசினியான பெராசிட்டிக் அமிலம் ஓட்டினால் அடுத்த ரிப்போர்ட் சுத்தம், அப்புறம் சில வாரத்தில் பழைய குருடி கதவைத் திறடி. ஆர்.ஓ.வில் வடிகட்டும் மெம்பிரேனை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றினால் தீருமா?

பதில் 1:
மெம்பிரேனில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். ஒரே இடத்துச் சாம்பிளை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆர்.ஓ. வெளியே வரும் இடம், டேங்குக்குப் பிறகு, லூப் ஆரம்பம், லூப் ரிட்டர்ன், சுவர் வால்வு, ஹோஸ் முனை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுங்கள், எண் எங்கே எகிறுகிறதோ அதற்கு முன்னால்தான் கோளாறு. முக்கியமாக, கிருமிநீக்கம் செய்வதற்கு முன்பு எடுக்க வேண்டும். மருந்து ஓட்டிய மறுநாள் சாம்பிள் எடுத்தால் சுத்தமாகத்தான் வரும், அதை நம்பி என்ன பயன்?

பதில் 2:
லேபில் பாக்டீரியாவை எந்த மீடியாவில் வளர்க்கிறார்கள் என்று கேட்டீர்களா? ரத்த அகாரில் போட்டால் இந்தத் தண்ணீர் பாக்டீரியா பலவும் வளராது, சத்தில்லாத குளிர்ந்த தண்ணீரில் பழகியவை அவை. சத்து குறைந்த ஆர்2ஏ அகார், 17 முதல் 23 டிகிரி, 7 நாள் என்று வளர்க்கச் சொல்லுங்கள். போர்ட்டை ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, ஒரு நிமிடமாவது தண்ணீரை ஓடவிட்டுப் பிடியுங்கள். எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சையும் பாருங்கள், செத்த பாக்டீரியாவும் அதை விட்டுவிட்டுத்தான் போகும். அப்புறம், வரம்பான 100 வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, 50 தொட்டாலே நடவடிக்கையில் இறங்க வேண்டும்.

கேட்டவர்:
எல்லா இடத்திலும் எடுத்தாயிற்று. சுவர் வால்வு வரை ஒற்றை இலக்கம்தான். கடைசி மெஷினின் ஹோஸ் முனையில் மட்டும் எக்கச்சக்கம். பக்கத்திலேயே ஒரு பழைய தண்ணீர் இணைப்புப் பாயிண்ட்டை மூடி போட்டு அடைத்து வைத்திருக்கிறார்கள். யுவி விளக்கு போட்டால் சரியாகுமா?

பதில் 3:
யுவி தன்னைக் கடந்து போகும் தண்ணீரில் இருப்பதைக் கொல்லும், குழாய்ச் சுவரில் ஒட்டிய பயோஃபிலிமை, அதாவது பாக்டீரியாப் படலத்தை, ஒன்றும் செய்யாது. உங்கள் ஆள் அந்த ஹோஸ்தான். பல மாடல்களில் மெஷினுக்குள் நடக்கும் வெந்நீர்க் கிருமிநீக்கம் இன்லெட் ஹோஸ் வரை போகாது, லூப்பில் மருந்து ஓட்டும்போது மெஷின் தண்ணீர் இழுக்காவிட்டால் அதுவும் அங்கே எட்டாது, ஆக இரண்டுக்கும் நடுவில் அது தப்பித்துக்கொண்டே இருக்கிறது. கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே விரலை விட்டுப் பாருங்கள், வழவழவென்று இருக்கும். கழுவிப் போடாதீர்கள், புதிது மாட்டுங்கள். இனி லூப்புக்கு மருந்து விடும்போது ஹோஸையும் சேர்த்து ஓட்ட வேண்டும். அந்த மூடி போட்ட பாயிண்ட்டில் தண்ணீர் அசையாமல் நிற்கிறது, இப்போது எண் குறைவாக இருந்தாலும் லூப் குழாயை ஒட்டியே வெட்டி எடுத்துவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு பாயிண்ட்டிலும் மிச்ச மருந்துக்கு ஸ்ட்ரிப் வைத்துப் பார்க்காமல் எந்த நோயாளியையும் மெஷினில் போடக்கூடாது.

பதில் 1:
வாரம் ஒரு சாம்பிள் எடுத்து, ஏறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு மாதம் ஒன்று போதும்.