பத்து நாள் விடுமுறை, நான்கு பேர்: பெட்டிகளின் எண்ணிக்கையையும் எடையையும் எப்படிக் குறைப்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் 12 வயது மகளும் 7 வயது மகனும் அடுத்த மாதம் பத்து நாள் விடுமுறைப் பயணம் செல்லவிருக்கிறோம். முதல் நான்கு நாள்கள் குளிரான மலைப்பகுதியிலும் மீதி ஆறு நாள்கள் வெயில் மிகுந்த கடற்கரையிலும் தங்குகிறோம். விமானத்தில் ஆளுக்கு 23 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும் அனுமதி உண்டு என்றாலும், இந்த முறை நால்வருக்கும் சேர்த்து இரண்டே பெட்டிகளோடு போய்வர விரும்புகிறேன்.

சென்ற பயணத்தில் எங்கள் பெட்டிகளுள் ஒன்று எடைபோடும் இடத்தில் 26 கிலோ காட்டியது. பின்னால் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான் தரையில் அமர்ந்து பெட்டியைத் திறந்து, ஸ்வெட்டர்களை உருவிப் பிள்ளைகளுக்கு ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிவிட்டேன். வீடு திரும்பிப் பெட்டியைக் காலி செய்தபோதோ, கொண்டுபோன மடிப்புக் கலையாமல் வந்த என்னுடைய உடைகள் மட்டும் 11 இருந்தன. துணிகளைச் சுருட்டி வைப்பது நல்லதா, மடித்து வைப்பது நல்லதா? காற்றை வெளியேற்றிச் சுருக்கும் பைகளை வாங்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

வணக்கம் அம்மா. சுருட்டுவதா மடிப்பதா என்பதை விட்டுவிட்டு, நீங்களே எண்ணிச் சொன்ன அந்த 11 உடைகளிலிருந்து தொடங்குகிறேன். அவற்றை எவ்வளவு நேர்த்தியாகச் சுருட்டியிருந்தாலும் எடை குறைந்திருக்காது. எடுக்காமல் விட்டிருந்தால்தான் குறைந்திருக்கும்.

பத்து நாளுக்குப் பத்து உடை என்ற கணக்கை முதலில் கைவிடுங்கள். ஐந்து நாளுக்கு எடுத்துக்கொண்டு, மலையிலிருந்து இறங்கியதும் ஒரு முறை துவைத்துக்கொண்டால் போதும். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னதாக, பெட்டியைத் திறக்காமலேயே, எடுக்க நினைக்கும் அனைத்தையும் கட்டிலின்மேல் பரப்பி வையுங்கள். ஒவ்வோர் உடையையும் கையில் எடுத்து, 'இதை எந்த நாள் உடுத்துவோம்?' என்று கேளுங்கள். நாளைச் சொல்ல முடியாத உடை அலமாரிக்கே திரும்பட்டும். மேலாடைகள் எல்லாம் கீழாடைகள் எல்லாவற்றுடனும் நிறத்தில் பொருந்தும்படி தேர்ந்தெடுத்தால், ஐந்து மேலாடையும் மூன்று கீழாடையும் 15 விதமாக உடுத்தக் கிடைக்கும்.

குளிருக்கும் வெயிலுக்கும் தனித்தனியாக உடை எடுப்பதுதான் உங்களைப் போன்ற பயணங்களில் பெட்டியை நிறைத்துவிடுகிறது. தடித்த ஸ்வெட்டர்கள் இரண்டைக் காட்டிலும், உள்ளே ஒரு டி-ஷர்ட், அதன்மேல் மெல்லிய கம்பளி ஆடை ஒன்று, வெளியே காற்றுப் புகாத மேலங்கி ஒன்று என அடுக்காக அணிவது கதகதப்பைத் தரும். அடுக்குகளுக்கு இடையே தங்கும் காற்றுதான் உடல் வெப்பத்தைக் காக்கிறது. உள்ளே அணிந்த அதே டி-ஷர்ட் பிறகு கடற்கரைக்கும் உதவும். மேலங்கி, ஜீன்ஸ், கனமான காலணி ஆகியவை பயண நாளன்று உடம்பிலேயே இருக்கட்டும். ஜீன்ஸ் ஆளுக்கு ஒன்றுக்குமேல் வேண்டாம். கனமும் அதிகம், காய்வதும் மெதுவாகத்தான்.

துவைத்ததைக் காயவைப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். பிழிந்த துணியை உலர்ந்த துண்டின்மேல் விரித்து, இரண்டையும் சேர்த்து இறுகச் சுருட்டி, அந்தச் சுருளை முழங்காலால் நன்றாக அழுத்துங்கள். கையால் பிழிந்து வராத நீரையும் துண்டு உறிஞ்சிக்கொள்ளும். மெல்லிய துணியாக இருந்தால், மின்விசிறிக் காற்றில் பெரும்பாலும் மறுநாள் காலைக்குள் காய்ந்துவிடும்.

மறுமொழி 2

முதல் மறுமொழியோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆயினும் அடுக்கும் முறைக்கும் அதற்கு உரிய பங்கு உண்டு. டி-ஷர்ட், உள்ளாடை, இரவு உடை போன்ற பின்னல் துணிகளைச் சுருட்டலாம். சட்டை, கால்சட்டை போன்ற நெசவுத் துணிகளைச் சுருட்டினால் சுருக்கம் விழும். அவற்றைத் தட்டையாக மடித்து மேலே பரப்புவதே நல்லது. காலணிக்குள் காலுறைகளைத் திணித்து, பெட்டியை நிமிர்த்தி நிறுத்தும்போது சக்கரங்கள் இருக்கும் பக்கமாக வையுங்கள். கனம் கீழே இருந்தால் பெட்டி சாயாது, இழுப்பதற்கும் இலகுவாக இருக்கும்.

காற்றை வெளியேற்றும் பைகளை உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை இடத்தைச் சுருக்குமே தவிர எடையில் ஒரு கிராம்கூடக் குறைப்பதில்லை. சென்ற முறை உங்களைத் தடுத்தது எடைதான். இடம் மிஞ்சினால் மேலும் எதையாவது வைக்கத்தான் கை போகும். அதற்குப் பதிலாக, ஜிப் வைத்த சிறு துணிப்பைகளை ஆளுக்கு ஒரு நிறமாக வாங்குங்கள். மகனின் சட்டையைத் தேடி முழுப் பெட்டியையும் கலைக்க வேண்டியிருக்காது. ஒருவருடைய துணியை எல்லாம் ஒரே பெட்டியில் வைக்காமல், இரண்டிலும் பாதிப் பாதியாகப் பிரித்து வையுங்கள். ஒரு பெட்டி வந்து சேரத் தாமதமானாலும், நால்வருக்கும் மாற்றுடை இருக்கும்.

வெறும் பெட்டியையும் ஒருமுறை எடைபோட்டுப் பாருங்கள். பெரிய பெட்டிகள் பல, எதையும் வைப்பதற்கு முன்பே நான்கு கிலோவுக்கு மேல் இருக்கும்.

மறுமொழி 3

கைப்பையில் இருக்க வேண்டியவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பவர் பேங்கைப் பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. கைப்பையில்தான் வர வேண்டும். பொதுவாக 100 வாட்-அவர் (மின்கலம் சேமித்து வைக்கும் ஆற்றலின் அளவு) வரை தனி அனுமதி தேவையில்லை. 3.7 வோல்ட்டில் 20,000 மில்லி ஆம்பியர்-அவர் என்று குறித்திருந்தால் அது 74 வாட்-அவர்தான். மருந்துகள், கண்ணாடி, ஆவணங்கள் ஆகியவையும் உங்கள் கையோடு இருக்கட்டும்.

திரவங்களைக் கைப்பையில் கொண்டுபோவதானால், 2006ஆம் ஆண்டு முதல் பல நாடுகளில் ஒவ்வொரு கொள்கலனும் 100 மில்லி லிட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்ற விதி உள்ளது. ஷாம்பூ, எண்ணெய்ப் புட்டிகளைப் பெட்டியில் வைத்தால், மூடுவதற்கு முன் பிளாஸ்டிக் புட்டியை லேசாக அமுக்கி உள்ளே உள்ள காற்றை வெளியேற்றிவிடுங்கள். உயரத்தில் விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும்போது புட்டிக்குள் அடைபட்ட காற்று விரிந்து திரவத்தை வெளியே தள்ளுவதால்தான் அவை கசிகின்றன.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை அனைத்தையும் கட்டிலின்மேல் பரப்பி, ஒவ்வோர் உடைக்கும் நாள் கேட்டோம். மகள் தானாகவே நான்கு உடைகளைத் திருப்பி வைத்துவிட்டாள். விழா எதுவும் இல்லாத பயணத்துக்கு நான் எடுத்திருந்த பட்டு ஆடைக்கு என்னால் ஒரு நாளைச் சொல்ல முடியவில்லை. இப்போது இரண்டு பெட்டிகளும் 18 கிலோ, 17 கிலோ என்று நிற்கின்றன. ஒரே ஓர் ஐயம்: திரும்பும்போது அழுக்குத் துணியும் வாங்கிய பொருள்களும் சேர்ந்தால் பெட்டி மூடாதே, அதற்கு என்ன செய்வது?

மறுமொழி 1 எழுதியவர்

நீங்கள் சேமித்த கிலோக்களை அப்படியே காலியாக விட்டுச் செல்லுங்கள். திரும்பும்போது வேண்டிய இடம் அதுதான். அழுக்குத் துணியால் பெட்டி மூடாமல் போவதற்குக் காரணம் அதைச் சுருட்டாமல் திணிப்பதுதான். புதுத் துணியைப் போலவே சுருட்டி அந்தந்த நிறப் பையில் வையுங்கள். ஈரமான நீச்சலுடைக்கு மட்டும் தனி பிளாஸ்டிக் உறை வேண்டும். உடையக்கூடிய பொருள்களைத் துணிச் சுருள்களுக்கு நடுவில், பெட்டியின் எந்த ஓரத்திலும் படாமல் வையுங்கள்.

இரு பயணங்களிலும் பெட்டியை மூடுவதற்கு முன், திறந்த நிலையில் ஒரு படமும் வெளிப்புறத்தை ஒரு படமும் எடுத்துவையுங்கள். பன்னாட்டு விமானப் பயணங்களில் பெட்டி சேதமடைந்தால் அதைப் பெற்றுக்கொண்ட 7 நாள்களுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்கு வந்த 21 நாள்களுக்குள்ளும் எழுத்து மூலம் புகார் தர வேண்டும் என்று 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை கூறுகிறது. உள்ளே என்ன இருந்தது என்று எழுத உட்காரும்போது, அந்தப் படங்கள் இல்லாமல் பாதிப் பொருள்கள் நினைவுக்கே வராது.