ஃபுகுஷிமா நெல்வயல்: மேல்மண்ணை எடுத்த பிறகும் பொட்டாஷ் எதற்கு?

செங்காந்தள்:
2011 மார்ச் அணு உலை விபத்துக்குப் பிறகு ஃபுகுஷிமாவில் வயல்களை மீட்ட முறை பற்றி வேளாண் மாணவர்களுக்குக் குறிப்பு தயாரிக்கிறேன். இரண்டு இடத்தில் முட்டுகிறது. அந்த ஆண்டு, கிலோ மண்ணில் 5000 பெக்கரலுக்கு (கதிரியக்க அளவின் அலகு) மேல் கதிரியக்கச் சீசியம் இருந்தால் நடவு கூடாது என்றார்கள். நடவுக்கு அனுமதித்த ஓனாமி பகுதியிலேயே அரிசி அப்போதைய வரம்பான கிலோவுக்கு 500 பெக்கரலைத் தாண்டியது. ஏன்? இன்னொன்று, சீசியம் படிந்த மேல்மண்ணைச் சுரண்டி எடுத்த வயலுக்கும் பொட்டாஷ் போடுகிறார்கள். எவ்வளவு, எப்போது?

வண்டல்:
மண்ணில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அரிசிக்கு ஏறும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்குதான் அந்த 5000. பெரும்பாலான வயல்களில் அதைவிட மிகக் குறைவாகவே ஏறியது. சில வயல்களில் மட்டும் எகிறியது. அங்கே மண்ணின் மொத்த சீசியத்தைப் பார்த்தால் காரணம் பிடிபடாது, சாம்பல்சத்தை, அதாவது பொட்டாசியத்தைப் பார்க்க வேண்டும். பயிருக்குச் சீசியமும் பொட்டாசியமும் ஒரே குடும்பம். பொட்டாசியம் போதாத வேர் அதை இழுக்கும் வழிகளை அகலத் திறக்கிறது, சீசியமும் அதே வழியில் நுழைந்துவிடுகிறது. அபிரக வகைக் களிமண் இருந்தால் சீசியத்தை அடுக்குகளுக்குள் பூட்டிவைக்கும். களி குறைந்த மணற்பாங்கில் அந்தப் பூட்டும் இல்லை.

அங்கே வைத்த இலக்கு, வழக்கமான அடியுரம் போடும் முன்பே 100 கிராம் உலர்மண்ணில் 25 மி.கி. பரிமாற்றப் பொட்டாஷ் (வேர் எடுக்கக்கூடிய பொட்டாசியம், K₂O கணக்கில்) இருக்க வேண்டும் என்பது. கணக்கு எளிது. 10 ஆர், அதாவது நம் 25 சென்ட், 15 செ.மீ. ஆழத்துக்கு 150 டன் மண் என்று வைத்தால், 1 மி.கி. உயர்த்த 1.5 கிலோ K₂O வேண்டும். பரிசோதனையில் 10 மி.கி. வந்தால் 15 மி.கி. குறை, எனவே 22.5 கிலோ. மியூரேட் ஆஃப் பொட்டாஷ் உரத்தில் K₂O 60 சதவீதம் என்பதால் 37.5 கிலோ உரம். வழக்கமான அடியுரம் இதற்கு மேல் தனி.

இதை நடவுக்கு முன்பே போட்டு உழுதுவிட வேண்டும். பயிர் இளம்பருவத்திலேயே சீசியத்தை எடுத்து, பிறகு நெல்மணிக்கு அனுப்புகிறது. கதிர் உருவாகும் நேரத்தில் மேலுரமாகத் தூவினால் பலன் குறைவு. பயிர் எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் நிற்கிறது. வைக்கோலை ஆண்டுதோறும் வெளியே கொண்டுபோனால் அந்தச் சத்து வயலுக்குத் திரும்பாது.

களத்துமேடு:
மேல்மண் கேள்விக்கு வருகிறேன். 10 ஆரில் 5 செ.மீ. எடுத்தால் 50 கனமீட்டர். ஒரு கனமீட்டர் கொள்ளும் கறுப்புப் பைகளில் கட்டினால் 50 பை, தளர்ந்த மண் உப்புவதால் இன்னும் கூடும். மார்ச் 2017 இறுதியில் பெரும்பகுதிக்கு வெளியேற்ற உத்தரவு நீங்கிய ஈதாதே கிராமத்தின் வயல்களில் இந்தப் பைகள் வரிசை வரிசையாக அடுக்கிக் கிடந்தன.

எடுத்த இடத்தில் நிரப்பியது மலையில் வெட்டிய மணற்பாங்கான மண். பல தலைமுறை தொழுவுரம் போட்டு வளர்த்த மண் போய்விட்டது. அந்த இழப்பு பெக்கரல் கணக்கில் ஏறுவதேயில்லை. புது மண்ணில் மட்கும் இல்லை, பொட்டாசியத்தைப் பிடித்துவைக்கும் திறனும் இல்லை, மழையில் கரைந்து இறங்கிவிடும். அடியில் மிச்சச் சீசியமும் உண்டு. அதனால்தான் சுரண்டிய வயலுக்கும் பொட்டாஷ். கனரக இயந்திரம் ஓடி இறுகிய அடிமண்ணில் தண்ணீர் வடியாது, முதலில் ஆழ உழுது இறுக்கத்தை உடைக்க வேண்டும். சத்து போதவில்லை என்று தழைச்சத்தை வாரி இறைப்பதும் தவறு. அந்த உரத்தால் மண்ணில் அம்மோனியம் மிகுந்தால், களி பிடித்திருக்கும் சீசியத்தை அது கிளப்பிவிடும்.

மருதம்:
வண்டல் சொன்னதோடு அறுவடைக்குப் பிந்தையதையும் சேருங்கள். 2012 ஏப்ரலில் வரம்பு 100 பெக்கரலாக இறங்கியது. அந்த ஆண்டிலிருந்து மாகாணத்தின் 30 கிலோ அரிசி மூட்டைகளை ஒன்றுவிடாமல் அளந்தார்கள், ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கோடி மூட்டை. 2012-இல் 71 மூட்டை தாண்டியது. 2015 அறுவடையிலிருந்து ஒன்றுமில்லை.

வயல் சரியாக இருந்தும் அளவு ஏறினால் இயந்திரத்தைப் பாருங்கள். 2011-இலிருந்து கொட்டகையில் சும்மா கிடந்த உமி நீக்கும் இயந்திரத்தில் அந்நாளைய தூசி ஒட்டியிருக்கும். உள்ளே துடைத்து, சுத்தமான நெல்லைக் கொஞ்சம் ஓட்டி, அதைத் தனியே ஒதுக்கிவிட்டுப் பிறகே புது நெல்லைப் போட வேண்டும். தவிட்டில் சீசியம் செறியும். பழுப்பரிசி (உமி மட்டும் நீக்கியது) வரம்புக்குள் இருந்தாலும் தவிட்டைத் தனியே அளக்காமல் தீவனத்துக்கோ உரத்துக்கோ விடக்கூடாது.

செங்காந்தள்:
நன்றி ஐயா. மேய்ச்சல் நிலத்துக்கும் இதே அளவு போதுமா?

வண்டல்:
அப்படியே போடாதீர்கள். புல் பொட்டாசியத்தைத் தேவைக்கு மேல் உறிஞ்சும். அதைத் தின்ற பசுவுக்கு மக்னீசியம் குறைந்து வலிப்பு வரும், கவனிக்காவிட்டால் செத்தும் போகும். ஒவ்வொரு வெட்டுக்கும் புல்லில் சீசியத்தோடு பொட்டாசியம், கால்சியம், மக்னீசியமும் அளக்க வேண்டும். பொட்டாசியத்தை மற்ற இரண்டின் கூட்டுத்தொகையால், சமான எடைக் கணக்கில் (equivalent), வகுத்தால் 2.2-ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் அந்தப் புல்லை வேறு தீவனத்தோடு கலந்தே கொடுக்க வேண்டும்.